தவணை தவறினால் பெயர் போகும்

சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்று தன் இணைய முகவரியைப் பறிகொடுத்தால், யாரோ பூட்டை உடைத்துத் திருடிவிட்டதாகவே பேச்சு எழும். பல நேரங்களில் பூட்டே போட்டிருக்காது. டொமைன் பெயர் யாருக்கும் நிரந்தரச் சொத்தல்ல, கட்டணம் கட்டிவரும்வரை கையில் இருக்கும் குத்தகை. .காம் பெயரின் தவணை தவறினால், பதிவாளர் நிறுவனம் 45 நாள் வரை சலுகை தரலாம் (அதற்குள்ளேயே ஏலம் விடும் பதிவாளர்களும் உண்டு). நீக்கத்துக்கு அனுப்பியபின் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள். கடைசி 5 நாளில் எதுவும் செய்ய முடியாது. பிறகு பெயர் விடுபடும் நொடியில் தானியங்கி மென்பொருள் அதைக் கொத்திக்கொண்டு போய்விடும். டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், மறுபடி ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வந்தாக வேண்டும். வரத்தான் செய்கிறது, ஆனால் என்றோ தளத்தை வடிவமைத்துக் கொடுத்துவிட்டுப் போன நண்பரின் மின்னஞ்சலுக்கு.

ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் இருக்கையில் சொந்தத் தளம் எதற்கு என்று கேட்கலாம். தளம் போனால்கூடச் சமாளிக்கலாம், மின்னஞ்சல் போவதுதான் ஆபத்து. டொமைனைப் பிடித்தவர் அந்தப் பெயருக்கு வரும் எல்லா மடல்களையும் தன் பெட்டியில் விழச் செய்யலாம். இசை விநியோகத் தளத்தின் கணக்கில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் மீட்பு இணைப்பு அவருக்கே போகும். கலைஞர்களின் ராயல்டி விவரமும் வங்கி எண்ணும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. விற்றுப்போன எல்பி அட்டைகளின் முதுகில் அச்சான முகவரியையோ இனி மாற்றவே முடியாது.

சட்டம் கைகொடுக்குமா? ஐகான் 1999-ல் வகுத்த தகராறுத் தீர்வு முறையில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் நம் வணிகக்குறியை ஒத்தது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் தீய நோக்கோடு பதிந்து பயன்படுத்துகிறார். பதிவு செய்யாத குறியும் செல்லும், ஆனால் அது வாடிக்கையாளரிடம் நிலைபெற்ற பெயர் என்று காட்ட வேண்டும். 2000-ல் பாடகி மடோனா இவ்வழியில் மடோனா.காமை மீட்டார், அங்கே ஆபாசத் தளம் நடந்தது. அதே ஆண்டு பாடகர் ஸ்டிங் தோற்றார். ஸ்டிங் என்பது பொதுச்சொல், தீய நோக்கும் நிரூபணமாகவில்லை. உலகப் புகழ் பெற்றவருக்கே இந்தக் கதி. சிறிய இசை லேபிள்களோ வார்ப், டொமினோ, ஃபேக்டரி என்று அகராதிச் சொற்களைத்தான் ஆசையாகச் சூட்டிக்கொள்கின்றன. டொமினோ என்றால் பாதிப் பேருக்குப் பீட்சா நினைவுக்கு வரும்.

முதலில் பதிந்தவருக்கே பெயர் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பொதுச்சொல்லை வாங்கி விற்பது குற்றமல்ல, வீண்புகார் கொடுத்தால் பெயர் பறிக்க முயன்றதாக நடுவரே எழுதிவைக்க முடியும். ஆனால் கைவிட்டுப்போன பெயரைப் புதியவர் எடுப்பது புதுப் பதிவாகவே கருதப்படும். எடுத்தவுடன் லேபிளின் பழைய பக்கங்களை நகலெடுத்துப் போட்டால், அல்லது தன் செலவை மிஞ்சிய விலைக்கு லேபிளிடமே விற்க வந்தால், அது தீய நோக்குக்குச் சான்று. அவர் விலை பேசும் மடலையும் தளத்தின் திரைப்பிடிப்பையும் தேதியோடு சேமிக்க வேண்டும். நாமே வலியப் போய் விலை விசாரித்தால் சான்றின் வலு குறையும்.

கணக்கு இங்கேதான் கசக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒற்றை நடுவர் வழக்குக்கு, ஐந்து பெயர் வரை, 1,500 டாலர். வழக்கறிஞர் கட்டணம் தனி. வென்றாலும் பெயர் மட்டும்தான் திரும்பும், இழப்பீடு கிடையாது. ஆக்கிரமிப்பாளர் ஆயிரம் டாலர் கேட்டால் கொடுத்துவிடுவதே மலிவு என்று தோன்றும், அவரும் அதைத் தெரிந்துதான் கேட்கிறார். அமெரிக்காவில் 1999-ம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம், ஆனால் அங்கே வழக்கு நடத்தும் செலவு வேறு கதை. இந்தியாவில் டொமைன் பெயருக்கும் வணிகப்பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. .இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தனி நடுவர் முறையும் இருக்கிறது.

ஆகவே பணத்தை முன்கூட்டியே செலவிடுவதுதான் புத்தி. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பிக்கலாம். தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவைத்தாலும், அதில் பதிந்த வங்கி அட்டை காலாவதியானால் பயனில்லை. பதிவாளர் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், அதற்குத் தரும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் எச்சரிக்கை மடலும் சேர்ந்தே முடங்கிவிடும்.