பேர் இல்லாத பெருநாள் லீவு

அமெரிக்காவில் அரச பாடசாலைகளை மத்திய அரசு நடத்துவதில்லை. அவை உள்ளூர்க் கல்வி மாவட்டங்களின் பொறுப்பு. வொஷிங்டனை ஒட்டிய புறநகரான மொன்ட்கொமரி கவுன்டியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள 200க்கும் மேற்பட்ட பாடசாலைகளை எட்டுப் பேர் கொண்ட கல்விச் சபையொன்று ஆள்கிறது. ஏழு பேரை வாக்காளர்கள் நான்கு வருடங்களுக்குத் தெரிவு செய்கிறார்கள். எட்டாமவர் மாணவர், அவரை மாணவர்களே ஒரு வருடத்துக்குத் தெரிவு செய்வர். வரி அறவிடும் அதிகாரம் சபைக்கில்லை. காசுக்குக் கவுன்டி மன்றத்திடம்தான் போக வேணும். ஆனால் பாடசாலை நாட்காட்டி சபையின் கையில்.

யூத, கிறிஸ்தவப் பெருநாட்களுக்கு அங்கே லீவு இருந்தது. முஸ்லிம்கள் தமக்கும் கேட்டு வந்தார்கள். 2015இல் ஹஜ்ஜுப் பெருநாளும் யூதரின் யொம் கிப்பூரும் ஒரே நாளில் வரவிருந்தன. "எங்கட பெருநாளின் பேரையும் பக்கத்தில் போடுங்கள்" என்பதே கோரிக்கை.

2014 நவம்பரில் சபை 7க்கு 1 என்ற வாக்கில் எல்லாச் சமயப் பெயர்களையும் நீக்கியது. லீவுகள் மட்டும் அப்படியே இருந்தன! சமயத்துக்காகப் பாடசாலையை மூட முடியாது, வரவு பெரிதும் குறையுமென்றால்தான் மூடலாம் என்பது சபை சொன்ன நியாயம்.

கேட்டவர்கள் விடவில்லை. அடுத்த வருடமே, 2016 செப்டம்பர் 12, ஹஜ்ஜுப் பெருநாளன்று வகுப்பில்லை என்று சபை தீர்மானித்தது. நாட்காட்டியில் அது ஆசிரியர் பணிநாள். பெருநாளின் பேர் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வகுப்பை இழக்காமல் தொழுகைக்குப் போனார்கள். தீர்மானிப்பவர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவராக இருந்தால், சிறுபான்மையின் குரலும் ஒருநாள் கணக்கில் வரும்.