சி சர்டிபிகேட் எதுவரை கூட்டிப்போகும்?

பிள்ளை காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்துவிட்டான் என்றால் நம் பக்கத்து வீடுகளில் இரண்டு பேச்சு எழும். “பட்டாளத்துக்குப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களாப்பா?” என்று அம்மா பயப்படுவார். “மிலிட்டரி வேலை நிச்சயம்தானே?” என்று அப்பா சந்தோஷப்படுவார். பயம், சந்தோஷம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். என்.சி.சி.யை ராணுவத்தின் முதல் படி என்று இருவருமே நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. எப்படித்தான் என்று நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் அம்மாவின் கேள்வி. என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படை 1948-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் உருவானது. அதில் சேர்ந்தவர் என்பதற்காக யாரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது. இது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் மறுபடி அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். வீடுகளில் இன்னும் தங்கியிருக்கும் பயம் அந்தக் காலத்து மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சாவூர் மன்னர் சரபோஜி கல்லூரி, கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி என்று நம் பகுதியில் என்.சி.சி. உள்ள கல்லூரிகள் பல. பொறுப்பாளர் அந்தக் கல்லூரியிலேயே பாடம் நடத்தும் ஒரு பேராசிரியர். பயிற்சி தருபவர்கள் ராணுவத்திலிருந்து வரும் ஹவில்தார்கள். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று கட்டளைகள் இந்தியில்தான் வரும்; ஒரு மாதத்தில் காது பழகிவிடும். அணிவகுப்பு, வரைபடம் பார்த்தல், .22 துப்பாக்கி, பத்து நாள் முகாம் என்று போகும். இரண்டாம் ஆண்டு முடிவில் பி தேர்வு, மூன்றாம் ஆண்டில் சி தேர்வு. அதில் தேறினால் கிடைப்பதுதான் சி சர்டிபிகேட்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். ‘சி சர்டிபிகேட் வாங்கிவிட்டால் ஆபீசர் வேலை’ என்ற நம்பிக்கை பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளிடமும் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் இருந்தால் நம் நெல் வரிசையில் ஏறும். ஆனால் களத்தில் கொட்டியதும் மீட்டர் வைத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால் நம் கையில் டோக்கன் இருந்தும் சிப்பம் எடைக்கு ஏறாது. சி சர்டிபிகேட்டும் அந்த டோக்கன்தான். எடை போடும் இடம் வேறு.

அது தரும் சலுகை சின்னதல்ல. மற்ற பட்டதாரிகளில் பெரும்பாலோர் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். என்ற எழுத்துத் தேர்வை எழுதித்தான் நேர்முகத்துக்கே போக முடியும். என்.சி.சி. சிறப்பு நுழைவில் அந்த எழுத்துத் தேர்வு கிடையாது. சி தேர்வில் குறைந்தது பி கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், வயது 19-லிருந்து 25-க்குள், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் இடம் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரு தடவைக்கு நூறுக்கும் குறைந்த இடங்களே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எடை போடும் இடம் எஸ்.எஸ்.பி. என்ற படைப்பணித் தேர்வு வாரியம். போபால், பிரயாக்ராஜ் (அலகாபாத்), பெங்களூரு, ஜலந்தர் ஆகிய ஊர்களில் ஐந்து நாள் தங்கவைத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் வடிகட்டலிலேயே பாதிக்கு மேற்பட்டோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியிருக்கும். மீதிப் பேரை மூன்று பேர் தனித்தனியாக எடைபோடுகிறார்கள். ஒருவர் மனவியலாளர். திரையில் ஒரு சொல் தோன்றும். பதினைந்து வினாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். யோசித்து நல்லவனாக நடிக்க அங்கே நேரமில்லை. இரண்டாமவர் நேர்முகம் எடுப்பவர்.

மூன்றாமவரின் இடம் மைதானம். ஒரு பலகை, ஒரு உருட்டுக்கட்டை, ஒரு கயிறு கொடுப்பார்கள். சிவப்பு பெயின்ட் அடித்த இடத்தில் கால் படக் கூடாது. எட்டுப் பத்துப் பேரும் சுமையோடு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். தலைவர் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள். தென்னைமரம் போட்டு வாய்க்கால் தாண்டிப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கால் நடுங்காது. ஆனால் அங்கே பார்ப்பது காலை மட்டுமல்ல. பலகை நீளம் போதாது என்று முதலில் கண்டவன் வாயைத் திறந்து சொன்னானா, அடுத்தவன் சொன்ன வழி நல்லதென்றால் தன் வழியை விட்டுவிட்டு அதற்குத் தோள் கொடுத்தானா, கடைசியாக நிற்பவனைத் திரும்பிப் பார்த்தானா என்று குறித்துக்கொள்வார்கள். அதிகாரிக்கு வேண்டிய பதினைந்து குணங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து பலனில்லை.

நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் வேறொன்று என்று நினைக்கிறேன். குழு விவாதமும் நேர்முகமும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் நடக்கும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்குச் சொல்ல நல்ல யோசனை இருக்கும். வாக்கியத்தை மனதில் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். இலக்கணப் பிழைக்காக அங்கே யாரும் ஆளைக் கழிப்பதில்லை. மௌனமாக உட்கார்ந்திருந்தால்தான் கஷ்டம், ஏனென்றால் அவர்களுக்கு எடைபோட எதுவும் கிடைக்காது. தைரியமும் உடம்பும் உள்ள பிள்ளை இதற்காகத் திரும்பி வருவது வேதனையான விஷயம். தினமும் கால் மணி நேரம் நண்பர்களோடு பிழையோ சரியோ ஆங்கிலத்தில் பேசிப் பழகினால் மூன்று வருஷத்தில் இது தீரும்.

தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, தகுதிப் பட்டியலிலும் பெயர் வந்தால் சென்னை பரங்கிமலை. 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இன்று அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அங்கே 49 வாரப் பயிற்சி. அப்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடிந்ததும் தோளில் லெப்டினன்ட் நட்சத்திரங்கள். குறுகிய காலப் பணி என்பதால் பத்து வருஷம், விரும்பினால் மேலும் நான்கு. அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது என்பதையும் வீட்டில் பேசி வைப்பது நல்லது.

இத்தனைக்கும் முதல் வேலை, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரங்களிலேயே என்.சி.சி. பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்ப்பது. ஓட்டம், உயரம் எல்லாம் பார்த்துக் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். மூன்று வருடப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு போய்க் கேட்டால், இடமே இருந்தாலும் சி தேர்வுக்கு வருஷம் போதாது.