வீடு விற்றாகிவிட்டது, பணம் வரவில்லை: வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு தூங்கினால் என்ன செய்வது?

வீட்டுக்கு ஆள் கிடைத்து, விலை படிந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மூன்று மாதத்தில் பணம் வந்துவிடும் என்று ஏஜெண்டு சொல்லியிருப்பார். ஐந்து மாதம் ஆகியும் வழக்கறிஞர் அலுவலகத்தில் "வேலை நடந்துகிட்டு இருக்கு" என்ற ஒரே பதில்தான். இதற்கிடையே பழைய வீட்டுக்கடன் தவணை மாதாமாதம் ஓடுகிறது. வரப்போகும் பணத்தை நம்பி வேறு வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் கட்டியவர்களுக்கு அந்த முன்பணமே போய்விடுமோ என்ற பயம் வேறு.

யார் மீது கோபப்படுவது என்று முடிவு செய்வதற்கு முன், அந்த வழக்கறிஞர் யாருடையவர் என்று பார்க்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த எண்ணி, விற்பவர்களில் பலர் தனக்கென வழக்கறிஞர் வைப்பதில்லை. வாங்குபவரின் வழக்கறிஞர் நீட்டிய தாளிலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். அவர் வாங்குபவருக்குத்தான் கடமைப்பட்டவர். விற்பவரின் அவசரம் அவருக்கு அவசரமில்லை. சில ஆயிரம் வெள்ளி மிச்சம் பிடித்துப் பல மாதங்களை இழப்பது இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, நாள் கணக்கு. பழைய வீடு விற்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மூன்று மாதம், அதற்குமேல் வட்டியுடன் ஒரு மாதம் என்று தவணை இருக்கும். ஆனால், அந்த மூன்று மாதம் கையெழுத்துப் போட்ட நாளில்தான் தொடங்கும் என்று சொல்ல முடியாது. குத்தகை நிலம் என்றாலோ, கிராண்டில் "செக்காத்தான் கெப்பெந்திங்கான்" என்ற கட்டுப்பாடு இருந்தாலோ மாநில அரசின் அனுமதி தேவை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் தவணை ஓடும் என்று வழக்கமாக எழுதியிருப்பார்கள். குறைந்த விலை வீடுகள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிக்கு விண்ணப்பம் போனதா, எந்தத் தேதியில் போனது என்பதே அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நம் குடும்பங்களில் தாமதத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கிராண்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாது. தமிழ்ப் பெயரை அந்தக் காலத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். கிராண்டில் ஒரு எழுத்து கூடும், மைகார்டில் ஒரு எழுத்து குறையும். தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருங்கியும் இருக்கும். பழைய அடையாள அட்டை எண் மட்டுமே பதிவான கிராண்டுகளும் உண்டு. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆவணம் தயாரித்துக் கொடுக்காமல் நில அலுவலகமும் வங்கியும் நகராது. வீட்டை விற்கலாம் என்று பேச்சு எழும் அன்றே கிராண்டையும் மைகார்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா வாங்கிய வீடு, அப்பா காலமான பிறகும் அவர் பெயரிலேயே இருந்தால் நிலைமை வேறு. வாரிசுரிமையை முடித்துப் பெயர் மாற்றாமல் விற்பனை நிறைவேறாது. வழக்கறிஞரைத் திட்டி அங்கே பயனில்லை.

விற்பவருக்குக் கடன் பாக்கி இருந்தால் வங்கிப் படியும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கறிக்கையை விற்பவரின் வங்கி தர வேண்டும். வாங்குபவரின் வங்கி அந்தத் தொகையை முதலில் கட்டும். பிறகு அடமானத்தை விடுவிக்கும் 16என் பாரமும், பெயர் மாற்றத்துக்கான 14ஏ பாரமும் நில அலுவலகத்தில் பதிவாகும். மீதிப் பணம் அதற்குப் பிறகே வரும். கணக்கறிக்கைக்குக் காலாவதி தேதி உண்டு. கோப்பு மேசையில் கிடந்து தேதி தாண்டினால் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

ஆகவே, "எப்போது முடியும்?" என்று கேட்பதால் பதில் கிடைக்காது. கணக்கறிக்கை கேட்டு வங்கிக்குக் கடிதம் போன தேதி என்ன, 14ஏ பாரம் முத்திரை வரிக்குப் போய்விட்டதா, இப்போது யாருடைய ஆவணத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். தொலைபேசியில் குமாஸ்தாவிடம் கேட்டது காற்றோடு போய்விடும். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, ஏழு நாளில் பதில் வேண்டும் என்று எழுதலாம். பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலை அந்த நிறுவனத்தின் பங்குதாரர் பெயருக்கு அனுப்ப வேண்டும். நம்மவர்களுக்கு வழக்கறிஞரிடம் கேள்வி கேட்கக் கூச்சம். கட்டணம் கட்டியவருக்கு அந்தக் கூச்சம் வேண்டியதில்லை.

தாமத வட்டியையும் விற்பவர் மறந்துவிடக்கூடாது. ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பாக்கி 270,000 வெள்ளி என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 59 வெள்ளி, 30 நாளைக்கு 1,775 வெள்ளி. வாங்குபவர் தரப்புத் தாமதத்துக்கு இது விற்பவருக்குச் சேர வேண்டிய பணம். விற்பவர் தரப்பே ஆவணத்தைத் தாமதமாகக் கொடுத்திருந்தால், அத்தனை நாளும் வட்டியில்லாமல் தவணை நீளும் என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். அதனால்தான் எந்தக் கடிதத்தை எந்தத் தேதியில் கொடுத்தோம் என்ற சான்று கையில் இருக்க வேண்டும்.

தன் வழக்கறிஞரே இழுத்தடித்தால் அவரை மாற்றும் உரிமை விற்பவருக்கு உண்டு. கட்டணப் பாக்கி இருந்தால், அது தீரும்வரை பழைய வழக்கறிஞர் கோப்பைப் பிடித்துவைக்கலாம். அதைத் தீர்த்துவிட்டே மாற வேண்டும். நடத்தை குறித்த புகாரை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் இயங்கும் வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். கண்டிக்கவும், அபராதம் விதிக்கவும், தொழிலிலிருந்து நீக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விற்பனையை அது முடித்துத் தராது. தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு நீதிமன்றம்தான் வழி. வழக்கறிஞரிடம் இருந்த பணமே காணாமல் போனால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடக்கூடாது.

இடையில் வாங்குபவர் "சாமான் மட்டும் வைக்கிறோம்" என்று சாவி கேட்பார். முழுப் பணம் வராமல் சாவி கொடுத்தால், அவசரம் முழுதும் விற்பவர் பக்கமே வந்துவிடும். வருமான வரி வாரியத்துக்கென்று விலையில் பிடித்துவைக்கும் 3 விழுக்காட்டையும் விசாரிக்க வேண்டும். மலேசியக் குடிமக்கள் ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் சொத்து லாப வரி 2022 முதல் இல்லை. வரி இல்லாதபோதும் அந்தப் பணம் பிடிக்கப்படுமா, அதைத் தவிர்க்க எந்தப் பாரம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடலாம். 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 9,000 வெள்ளி.