ரோடு போட்ட தொழிலாளி பிரதமர் ஆனார்!
21 பேர் சாவினால் பதவி பறிபோயிற்று

1963-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நார்வே நாட்டின் பார்லிமெண்டில் அனல் பறக்கும் விவாதம். மக்கள் ரேடியோவையும் டெலிவிஷனையும் விட்டு நகரவில்லை.

"சுரங்கத்தில் 21 தொழிலாளர்கள் மாண்டார்களே, அதற்கு யார் பொறுப்பு?" என்பதுதான் கேள்வி.

பதில் சொல்ல வேண்டியவர் பிரதம மந்திரி எய்னார் கெர்ஹார்ட்சன். வயது 66. அவரும் ஒரு காலத்தில் வெயிலிலும் பனியிலும் உழைத்த கூலித் தொழிலாளிதான்!

ஜெயில்

கெர்ஹார்ட்சன் 1897-ம் ஆண்டு மே 10-ந் தேதி பிறந்தார். 17 வயதில் ரோடு போடும் வேலைக்குப் போனார். தொழிற்சங்கம் அவரை அரசியலுக்கு இழுத்தது.

1924-ல், கட்டாய ராணுவ சேவையை எதிர்த்து நடந்த கிளர்ச்சிக்குத் துணை நின்றார் என்று 75 நாள் ஜெயில் தண்டனை கிடைத்தது. தொழில் கட்சியில் படிப்படியாக உயர்ந்து, 1940-ல் தலைநகரான ஆஸ்லோவின் மேயர் ஆனார். ஆனால் அதற்குள் நாட்டைப் பிடித்துவிட்ட ஜெர்மானியர், சில நாட்களிலேயே அவரை வெளியேற்றினார்கள்.

1941-ல் கைது செய்தார்கள். ஜெர்மனியில் உள்ள சாக்சன்ஹாசன் சித்ரவதை முகாமில் அடைத்தார்கள். 1944-ல் நார்வேயில் உள்ள கிரினி முகாமுக்கு மாற்றினார்கள். 1945 மே மாதம் விடுதலை. ஜூன் மாதம் அவர் பிரதமர்! கைதிக்கும் பிரதமருக்கும் நடுவே இருந்தது சில வாரங்கள்தான்.

சாம்பல் மேடு

நார்வே அப்போது சுமார் 30 லட்சம் மக்களே கொண்ட சின்னஞ்சிறு நாடு. வடகோடியில் ஊர் ஊராக ஜெர்மானியர் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீடு கட்டக் கடன் கொடுக்க 1946-ல் அரசாங்க பாங்கி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் குழந்தைகளுக்கு உதவித் தொகையும் வந்தது.

சிக்கனமும் கடுமையாக இருந்தது. சொந்தக் கார் வாங்கக்கூட 1960 வரை அனுமதிச் சீட்டு வேண்டும்! பிரதமரோ ஆஸ்லோவில் சாதாரண அடுக்கு வீட்டில் குடியிருந்தார். "நாட்டின் தந்தை" என்று மக்கள் அழைத்தார்கள்.

ராணுவ சேவையை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர், 1949-ல் நாட்டை "நேட்டோ" ராணுவக் கூட்டணியில் சேர்த்தார். கட்சியில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 1961-ல் பிரிந்துபோய்த் தனிக்கட்சி தொடங்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தவை 2 இடங்கள்.

2 இடம்தானே என்று தள்ளிவிட முடியவில்லை. பிரதமர் கட்சிக்கு 74. எதிர்க்கட்சிகளுக்கும் 74!

வெடி விபத்து

வடதுருவத்துக்கு அருகே உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில், "கிங்ஸ் பே" என்ற கம்பெனி நிலக்கரி வெட்டி வந்தது. அது அரசாங்கக் கம்பெனி. 1962 நவம்பர் 5-ந் தேதி சுரங்கம் வெடித்தது. 21 பேர் பலி.

அது முதல் விபத்து அல்ல. 1948, 1952, 1953 ஆகிய ஆண்டுகளிலும் அங்கே தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் படுமோசம் என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. தொழில் மந்திரி ராஜினாமா செய்தார். எதிர்க்கட்சிகளுக்கு அது போதவில்லை. "பார்லிமெண்டுக்கு உண்மை நிலையைச் சொல்லவில்லை" என்று பிரதமர் மீதே பாய்ந்தார்கள்.

தனியார் முதலாளியின் சுரங்கமாக இருந்திருந்தால், கெர்ஹார்ட்சன் கட்சிதான் முதலில் கொதித்து எழுந்திருக்கும். இங்கே முதலாளியே அவருடைய சர்க்கார்!

ஓட்டு எடுத்தார்கள். பிரிந்துபோன இருவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 76-க்கு 74. மந்திரிசபை கவிழ்ந்தது.

28 நாள்

ஜான் லிங் புதிய பிரதமர் ஆனார். அவர் மந்திரிசபை இருந்தது 28 நாள்தான். அதே இருவர் இந்தத் தடவை அதையும் கவிழ்த்தார்கள். கெர்ஹார்ட்சன் திரும்பி வந்தார். சுரங்கம் மட்டும் மீண்டும் திறக்கப்படவே இல்லை.

1965 தேர்தலில் அவர் கட்சி பெரும்பான்மை பெறவில்லை. மொத்தம் 17 ஆண்டு ஆண்டபின் பதவியை விட்டு இறங்கினார். 1969 வரை பார்லிமெண்டு மெம்பராக இருந்தார். பிறகு வீட்டில் இருந்தபடி வாழ்க்கை நினைவுகளை எழுதினார். 1987 செப்டம்பர் 19-ந் தேதி, 90-வது வயதில் ஆஸ்லோவில் காலமானார்.