பாசியின் நிறம் மருந்தாகுமா?

முத்துப்பேட்டையிலிருந்து வேதாரண்யம் செல்லும்போது, கோடையில் உப்பளப் பாத்திகள் சில இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உப்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. அத்தகைய நீரில் வாழும் டுனாலியல்லா என்னும் நுண்பாசி, வெயிலும் உப்பும் கூடும்போது தன்னைக் காத்துக்கொள்ள பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைக்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே பொருள்தான்.

“பாசி மாத்திரை சாப்பிடலாமா?” என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் பலர் கேட்கின்றனர். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்பைருலினா. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இது பெருமளவில் வளர்க்கப்படுகிறது. இதிலுள்ள நீலநிறமி பைக்கோசயனின். நீரில் கரையும் புரதம். பாசியை உறையவைத்து உருக்கினால் செல்கள் உடைந்து நீலம் நீரில் இறங்கும். பின்னர் வேகமாகச் சுழற்றிச் சக்கையை நீக்கி, அமோனியம் சல்பேட் சேர்த்து நிறமியைப் படியச் செய்வர். சூடு பட்டால் அது சிதைந்துவிடும். கொதிக்கும் குழம்பில் பொடியைத் தூவி நீலநிறமியின் பலனை எதிர்பார்ப்பது வீண்.

பைக்கோசயனின் அழற்சியைத் தணிப்பதாகச் செல்களிலும் எலிகளிலும் கண்டுள்ளனர். ஆயினும் எந்த நோய்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. பாசி நிறமி மருத்துவத்துக்கு உண்மையில் உழைப்பது பரிசோதனைக்கூடத்தில்தான். செம்பாசியிலிருந்து எடுக்கும் பைக்கோஎரித்ரின் ஒளிரும் தன்மையுடையது. ரத்தப் புற்றுநோய் செல்களை இனங்காணவும், எச்.ஐ.வி. நோயாளியின் சிடி4 செல்களை எண்ணவும் அது உதவுகிறது.

பீட்டா கரோட்டினின் கதை வேறு. அது நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். முடிவு 1994-இல் வெளியானது. நாளும் 20 மில்லிகிராம் உட்கொண்டவர்களிடம் அந்தப் புற்று 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது! பீடி, சிகரெட் பழக்கமுள்ளோர் கரோட்டின் மாத்திரையைத் தொடவேண்டாம். காய்கறியில் உள்ளதற்கு அஞ்சத் தேவையில்லை.

ஸ்பைருலினாவிலுள்ள பி12-இன் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். பி12 ஊசியை நிறுத்திவிட்டு இதை நம்பியிருந்தால் நரம்புகள் பாதிக்கப்படலாம். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும், லூபஸ் போன்ற நோயுள்ளோரும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்போரும் எங்களைக் கேளாமல் இதைத் தொடங்கக் கூடாது. குளத்துப் பாசியை அள்ளி உலர்த்தி உண்பதோ பேராபத்து. சிலவகைப் பாசிகளில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு உண்டு.

அடுத்த முறை வரும்போது அந்தப் புட்டியையும் கொண்டுவாருங்கள். மற்ற மருந்துகளோடு அதையும் உங்கள் சீட்டில் குறித்துக்கொள்வோம்.