சுவரில் படம் வரையலாம், பிள்ளைகளோடு சேர்ந்து



கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு ஊக்குநர் அக்கா கேட்டார்: "எங்க காலனித் தண்ணித் தொட்டிச் சுவரு பூரா வெத்தலை எச்சிலும் போஸ்டருமாக் கெடக்குதுங்க. அதுக்கு முன்னால பசங்க பத்துப் பேரு பொழுதன்னிக்கும் சும்மாதான் உக்காந்திருக்கானுங்க. அந்தச் சுவத்துல அவனுங்களையே படம் வரையச் சொன்னா என்னங்க?" சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லு வேலைக்குப் போகும் பையன் தன் தெருப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பக்கத்து ஊர்ப் பேரைச் சொல்வது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதானே.

சென்னையில் கண்ணகி நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது, துரைப்பாக்கம் பக்கம். கூவம், அடையாறு ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது அன்றைய குடிசை மாற்று வாரியம். (2021 முதல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர்.) 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆகிப்போனது. விலாசத்தில் கண்ணகி நகர் என்று இருந்தாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைகளின் நெடுநாள் மனக்குறை.

2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடும் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்து அந்தக் குடியிருப்பின் மாடி உயரச் சுவர்களில் படம் வரைய ஏற்பாடு செய்தது. ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னை ஓவியர் அங்கத்துப் பிள்ளைகள் சிரிக்கிற முகத்தையே ஒரு சுவர் முழுக்க வரைந்தார். பயந்து ஒதுங்கிப் போனவர்கள் படம் பார்க்கவென்று உள்ளே வந்தார்கள். பிறகு நம்ம கோவை உக்கடத்திலும் வாரியக் குடியிருப்புச் சுவர்களில் அதே அமைப்பு படம் வரைந்தது. டவுன் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படம் வந்ததால் கண்ணகி நகருக்குத் தண்ணீரும் சாக்கடையும் தானாகச் சரியாகிவிடவில்லை. பேர் மாறுவதற்கும் படம் மட்டும் காரணம் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் ஒருத்தி. அந்த ஒரு பிள்ளை எத்தனை சுவருக்குச் சமம்! இன்னொன்று, அங்கே பெரிய சுவர்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஓவியர்கள். நமக்கு அவ்வளவு பெரிசு முடியாது, தேவையும் இல்லை. நம் பிள்ளைகள் கையால் ஆகவேண்டும் என்பதுதான் முக்கியம்.

அதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா ஊரைச் சொல்லலாம். சுவரெல்லாம் கிறுக்கி வைத்த பையன்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதை விட்டு, அவர்களையே படம் வரைய வைக்கலாம் என்று 1984-இல் அந்நகர மேயர் வில்சன் கூட் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஜேன் கோல்டன் என்ற ஓவியப் பெண்மணி அந்தப் பையன்களோடு வேலை செய்தார். இன்று அந்த ஊரில் அப்படி வரையப்பட்ட படங்கள் 4,000-க்கும் மேல். அவர்களிடம் ஒரு உபாயம் இருக்கிறது. தெரிந்தவர் படத்தின் கோட்டை மட்டும் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர் எழுதிவிடுவார். வண்ண டப்பாவிலும் அதே நம்பர். வரையவே தெரியாத பாட்டிகூட 4-ஆம் நம்பர் டப்பாவில் தொட்டு 4-ஆம் நம்பர் கட்டத்தில் பூசிவிடலாம்.

கோடு போடுவது எப்படி என்று பயப்பட வேண்டாம். புள்ளிக் கோலம் போடுகிற நமக்கு அது பழக்கமான வேலை. காகிதத்தில் போட்ட படத்தின்மேல் ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம் கிழியுங்கள். சுவரில் ஒரு அடிக்கு ஒரு கட்டம். கொத்தனார் நூலடிப்பது போல் நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். காகிதத்தில் எந்தக் கட்டத்தில் யானையின் காது இருக்கிறதோ, சுவரில் அதே கட்டத்தில் காது. அவ்வளவுதான்.

சுவரைத் தயார் செய்வதில்தான் முக்கால்வாசி வேலை. ஓதம் ஏறிய சுவர் வேண்டவே வேண்டாம், ஆறு மாதத்தில் உரிந்துவிடும். கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் பழைய சுண்ணாம்பு என்று அர்த்தம். அதைச் சுரண்டிக் கழுவிக் காயவிட்டு, பிறகு பிரைமர் அடிக்க வேண்டும். புதுசாகக் காரை பூசிய சுவர் என்றால் ஒரு மாதமாவது ஆறட்டும். விலை மலிவு என்று டிஸ்டெம்பர் வாங்கினால் முதல் மழைக்கே போய்விடும், வெளிச்சுவர் எமல்ஷன்தான் தாங்கும். இருபது அடி நீளம், பத்து அடி உயரச் சுவர் 200 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் பிடிக்கும். வெள்ளை எமல்ஷனை வாங்கி ஸ்டெயினர் கலந்து வண்ணம் உண்டாக்கினால் செலவு குறையும். ஆனால் ஆசைக்கு ஸ்டெயினரை நிறைய ஊற்றினால் சரியாகக் காயாது, மழையில் வடியும். அடர்ந்த நிறங்களைக் கடையிலேயே கலந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் மலைக்காற்றோடு சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தைப்பொங்கல் கழிந்து பங்குனி வரை நல்ல நேரம். கிழக்குப் பார்த்த சுவர் என்றால் மத்தியானத்துக்கு மேல் நிழலில் அடிக்கலாம்.

யாரையும் கேட்காமல் சுவரில் கை வைக்கக் கூடாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பேரூராட்சிச் சுவர் என்றால் செயல் அலுவலருக்கும், பள்ளிச் சுவர் என்றால் தலைமையாசிரியருக்கும், தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரருக்கும் மனுக் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் பதியுங்கள்.

என்ன படம் என்பதில்தான் சண்டை வரும். வரட்டும், உட்கார்ந்து பேசுங்கள். தலைவர் படம், கட்சி நிறம், சாதி அடையாளம் எதுவும் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ராத்திரியில் தார் பூசிவிட்டுப் போவார்கள், அப்புறம் போலீஸ் வரும். பெரியவர்கள் உடனே "மரம் வளர்ப்போம்" என்பார்கள். அதை எழுதின சுவர் ஊருக்கு நாலு இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? பிள்ளைகளை விட்டுப் பாட்டிமாரிடம் கேட்கச் சொல்லுங்கள். நொய்யலில் தண்ணீர் கரை தொட்டுப் போனது, பாக்குத் தோப்பு வேலை, காட்டை விட்டு யானை இறங்கின ராத்திரி, இப்படி ஊருக்குச் சொந்தமான கதை வரும். அதில் வரும் முகங்கள் தெருவில் இருப்பவர்களின் முகமாக இருந்தால் அதன்மேல் யாரும் எச்சில் துப்பத் துணிய மாட்டார்கள்.

"வயசுப் பொண்ணு ரோட்டோரம் நின்னு பெயிண்ட் அடிக்கிறதா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். குழு அம்மாக்கள் இரண்டு பேர் கூடவே நின்றால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். பொழுது சாயும் முன் வேலையை நிறுத்துங்கள். பெண்பிள்ளைகளைக் கப் கழுவவும் டீ கொண்டுவரவும் மட்டும் விட்டால் பெரிய அநியாயம். கோடு போடும் வேலையை அவர்களிடமே கொடுங்கள், கோலக் கை அது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தரையில் நின்று எட்டுகிற பாகம் மட்டும். சாரத்தில் ஏறுவது பெரியவர்கள்தான், மின்கம்பி பக்கத்தில் போகும் சுவர் என்றால் யாரும் ஏற வேண்டாம்.

பணம். குழுச் சேமிப்பையும் சுழல்நிதியையும் இதற்குத் தொடக்கூடாது, தெரிந்தவர் தெரியாதவர் யார் சொன்னாலும் சரி. வீடு கட்டினவர்களிடம் மீந்த பெயிண்ட் கேளுங்கள், கடைக்காரரிடம் பொருளாகக் கேளுங்கள், வாங்கினதற்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். கடைப் பேரைச் சுவரில் பெரிசாகப் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அனுமதி கேட்டு மனுக் கொடுக்கும் அன்றைக்கே இன்னொரு மனுவையும் கையோடு கொண்டுபோங்கள். அந்தச் சுவரடியில் தேங்கும் சாக்கடை, எரியாத தெருவிளக்கு, சொட்டும் குழாய், எதுவோ அது. படத்தைத் திறந்து வைக்க அதிகாரி வரும்போது அவர் காலடியிலேயே சாக்கடை ஓடினால் சங்கடப்படுவார், வேலை நடக்கும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு வண்ணத்திலும் கொஞ்சம் எடுத்து, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி நம்பர் எழுதி வையுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். எங்காவது உரிந்தாலோ யாராவது கிறுக்கினாலோ அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு அன்றைக்கே பூசிவிடலாம்.