கிணற்று நீரும் கடல் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. அங்கு வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவது கிணறுகளாலேயே. நிலத்தின்கீழ் எங்கிருந்தோ ஆறு ஓடிவந்து இக்கிணறுகளை நிரப்புகின்றது என்று கூறுவாரும் உளர். அஃது உண்மையன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது.

இந்நன்னீரின் கீழே, கடலிலிருந்து கல்லினூடே புகுந்த உவர்நீர் உள்ளது. கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 2.5 பங்கு பாரமானது. ஆதலின் நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் அடியில் உவர்நீரும் இருத்தல் கண்கூடு. இதன் கணக்கை 1888 இல் ஒல்லாந்தர் ஒருவரும், 1901 இல் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். நீர்மட்டம் கடல்மட்டத்திலும் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்துவிட்டால் 40 அடியும் உவர்நீருக்கு உரியதாகும். இரு நீரும் எல்லையிற் கலப்பதனால், உண்மையில் நன்னீர் இக்கணக்கிலும் குறைவாகவே கிடைக்கும்.

துலாவினால் இறைத்த காலத்தில் இறைப்பவனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. யந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே மூச்சில் அடிவரை இறைத்தால் கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் மேலெழும். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்து, இடையில் ஊறவிடுதல் நன்று. உவர் ஏறினால் போஞ்சியும் வெங்காயமும் முதலில் வாடும். பீற்றூட் ஓரளவு தாங்கும். நெல்வயல்களின் வரம்பை உயர்த்தி மாரிநீரை மறித்தல் அயலிலுள்ள தோட்டக் கிணறுகளுக்கும் உதவும்.

வேறொரு கேடும் உண்டு. பயிர் உண்ணாது எஞ்சிய யூரியா, நைத்திரேற்றாக மாறி, மழைநீரோடும் பாய்ச்சிய நீரோடும் கிணற்றை அடைகின்றது. குடிநீர் 1 லீற்றரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்தமை ஆய்வுகளிற் காணப்பட்டது. கைக்குழந்தைகளுக்கு இந்நீரிற் பால் கரைத்துக் கொடுத்தால் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம்பாரித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். எனவே யூரியாவைப் பலமுறையாகப் பிரித்து இடுதல் வேண்டும். பெருமழைக்கு முன் இடுதல் தகாது.

உவரையாவது நாக்கு பிந்தியேனும் அறியும். நைத்திரேற்றை அறியவே அறியாது. ஆதலின் நீரைப் பரிசோதிப்பித்தல் அவசியம். புரட்டாதியில், நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது ஒரு போத்தலும், மாரி முடிந்து தை மாதத்தில் இன்னொரு போத்தலும் எடுத்தல் வேண்டும். போத்தலை அக்கிணற்று நீராலேயே மும்முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடி, திகதியையும் கிணற்றின் அடையாளத்தையும் எழுதித் தாமதியாது விவசாயப் போதனாசிரியரிடம் சேர்ப்பிக்கலாம்.